ஐம்பத்தெட்டு நாள் தாடி

எங்கள் நிலையத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை உண்டு. திருச்சி – புன்டா அரீனாஸ். தூரம் 14,590 கிலோமீட்டர். பயண நேரம் 42 நிமிடம்.

புன்டா அரீனாஸ் தென் அமெரிக்காவின் வால் நுனியில், சிலி நாட்டில் இருக்கிற ஊர். அங்கே காற்றாலைகளில் வேலை பார்க்க நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் போயிருக்கிறார்கள். பழைய விமானத்தில் போனால் மூன்று இடத்தில் மாறி, முப்பத்தெட்டு மணி நேரம். விரைமடி நிறுவனத்தின் மடிப்பு விமானத்தில் போனால் நாற்பத்திரண்டு நிமிடம். அப்படித்தான் பலகை சொல்கிறது. தூரம் சரி. நேரம் பச்சைப் பொய். இதை வெளியில் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். வேலையே போய்விட்டது, இனி எவனுக்குப் பயப்பட வேண்டும்?

நான் அங்கே முடிதிருத்திக்கொண்டிருந்தவன். பெயர் தினகரன். நாற்பத்திரண்டு நிமிடம் பயணம் செய்து வருகிறவனுக்கு எதற்கு முடிவெட்டு என்று நீங்கள் கேட்பீர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நானும் மேற்பார்வையாளர் ரெஜினால்டிடம் அதைத்தான் கேட்டேன்.

"வெளியில இருக்கிற கடிகாரத்துக்கு நாப்பத்திரண்டு நிமிஷம்" என்றார் அவர். "உள்ள படுத்திருக்கிற உடம்புக்கு அம்பத்தெட்டு நாள். தூரத்தை மடிச்சுட்டாங்க தினகரன். நேரத்தை மடிக்க முடியல. அது எங்கயாவது போய் விழணுமில்ல? பயணி மேல விழுது."

"அம்பத்தெட்டு நாளும் சும்மா படுத்துக் கிடப்பாங்களா?"

"தூங்கவச்சிருவாங்க. குழாயில கஞ்சி. எந்திரிக்கும்போது ஒரு ராத்திரி தூங்கின மாதிரிதான் இருக்கும்."

"அப்ப வயசு?"

"வயசு ஏறாது. சட்டமே இருக்கு. உறக்க நாள் வயசுல சேராது."

"அந்தச் சட்டம் முடிக்குத் தெரியாதே சார்" என்றேன்.

"அதுக்குத்தான் உங்களை எடுத்திருக்கோம்" என்றார்.

வேலை இதுதான். எனக்கு எதிரே ஒரு திரை. அதில் பயணியின் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இடது பக்கம் கிளம்பும்போது எடுத்தது, வலது பக்கம் வந்து இறங்கியதும் எடுத்தது. கீழே மணி போட்டிருக்கும். வலது பக்கத்து ஆளை இடது பக்கத்து ஆளாக மாற்றி, ஐம்பது நிமிடத்துக்குள் வெளியே அனுப்ப வேண்டும். தாடியை மழித்து, முடியைக் குறைத்து, நகம் வெட்டி, நரைக்கு டை அடித்து அனுப்புவேன். நாற்பத்திரண்டு நிமிடப் பயணத்துக்கு ஐம்பது நிமிடம் சவரம்.

வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு, கொஞ்ச நேரம் தூங்கவைப்பார்கள் என்பது மட்டும்தான் தெரியும். விஷயத்தை வெளியில் சொன்ன பயணிக்கு ஆயுள் முழுக்கத் தடை. அதனால் எவனும் வாயைத் திறப்பதில்லை.

அந்தச் சொந்தக்காரர்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கையில் ஆரத்தித் தட்டு, வாயில் குத்தல். "தோ இருக்கிற சிலி, இதுக்கே இவ்வளவு அலட்டலா?" "என் மச்சினிச்சி கல்யாணத்துக்கு வந்தவன், என் தம்பி வீட்டு வளைகாப்புக்கு வரலியே, நாப்பத்திரண்டு நிமிஷம் கிடைக்கலியா?" வேலை கொடுத்தவன் மட்டும் லேசுப்பட்டவனா? மடிப்பு விமானம் வந்த மறு வருஷமே நீண்ட விடுப்பை ரத்து செய்துவிட்டான். நாற்பத்திரண்டு நிமிடத்தில் போய் வருகிறவனுக்கு இரண்டு நாள் போதாதா என்று கேட்கிறான். பழைய விமானத்தில் ஏறினால் அந்த இரண்டு நாளும் வானத்திலேயே போய்விடும். இப்படி இரண்டு பக்கமும் சேர்ந்து ஒருவனை அந்த உறக்கப் பெட்டிக்குள் தள்ளிவிடுவார்கள். மிச்சமாகி வருகிற முடியை நான் கூட்டி அள்ள வேண்டும்.

பரிதி என்ற பையனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பையன் என்று சொல்லிப் பழகிவிட்டது. லால்குடிக்காரர். ஐந்து வருடத்தில் என் நாற்காலியில் இருபத்து நான்கு முறை உட்கார்ந்திருக்கிறார். அப்பா திதிக்கு, அம்மா கண் அறுவைச் சிகிச்சைக்கு, அக்கா வீட்டுப் புதுமனைக்கு, அக்கா நாத்தனார் நிச்சயத்துக்குக்கூட. கடைசியாக வந்தது அக்கா மகளின் காதுகுத்துக்கு. தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது? ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு இறங்கினார். பத்தரை மணிக்கு முகூர்த்தம்.

டாக்டர் பார்த்து முடித்து, எட்டேகாலுக்குத்தான் நர்ஸ் ஜெசிந்தா அவரைத் தள்ளுநாற்காலியில் கொண்டுவந்தாள். அதற்கு முன் இருபத்து மூன்று தடவையும் அவர் நடந்துதான் வந்திருக்கிறார். ஒரு அங்குலத் தாடி, முக்கால்வாசி வெள்ளை. தலைமுடி வேரில் ஒரு அங்குலம் வெள்ளை, அதற்கு மேல் யாரோ அங்கே அடித்துவிட்ட டையின் கறுப்பு. நகம் ஒவ்வொன்றும் நெல்மணி நீளம். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

"தினாண்ணே, இன்னிக்கு டை கொஞ்சம் கூடுதலா அடிங்க" என்றார். "அக்கா கண்ணு பொல்லாத கண்ணு."

"உங்க அக்காவுக்கு வயசு என்ன தம்பி?"

"நாப்பத்தொண்ணு. எனக்கு முப்பத்தாறு."

நகம் வெட்டிக்கொண்டே மனதுக்குள் கணக்குப் போட்டேன். வந்தது இருபத்து நாலு, போனது இருபத்து மூணு, மொத்தம் நாற்பத்தேழு மடிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஐம்பத்தெட்டு நாள். ஏழரை வருஷம். சனி பிடித்தவனுக்குக்கூட ஏழரைக்குப் பிறகு விடிவு உண்டு. இவருக்கு அதுவும் இல்லை.

"முப்பத்தாறு இல்ல தம்பி, நாப்பத்து மூணரை. உங்க அக்காவுக்கு நீங்க இப்ப அண்ணன். அவங்ககிட்டச் சொல்லித் தொலைங்களேன்."

"சொன்னா தடை பண்ணிருவான். அப்புறம் அம்மாவுக்கு ஒண்ணுன்னா எப்படி வருவேன்?"

"பழைய விமானம் எதுக்கு இருக்கு?"

அவர் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை.

"அப்பா செத்தப்போ அதுலதான் வந்தேன். முப்பத்தெட்டு மணி நேரம். ஒரு நாள் ஃப்ரீசர் பெட்டியில வச்சிருந்தாங்க. சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் வெயில் காலம், தாங்காது, எடுத்துரலாம்னு நின்னாங்க. அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்க. அவ சொல்லல. பங்காளி ஒருத்தன் கொள்ளி வச்சுட்டான். நான் போய் நிக்கும்போது எல்லாம் முடிஞ்சு மூணு மணி நேரம். வாசல்ல நின்னு என்ன சொன்னா தெரியுமா? 'வெளிநாட்டுக்காரர் சாம்பல் அள்ற நேரத்துக்குச் சரியா வந்துட்டார்'னா. இனிமே செத்தாலும் ஒரு நிமிஷம் லேட்டா வரக்கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

அந்த நேரம் பார்த்து மேசைமேல் இருந்த அவருடைய போனில் ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. ஜெசிந்தா கை தவறி அதைத் தட்டிவிட, அவருடைய அக்காவின் குரல் அறை முழுக்க ஒலித்தது.

"என்னடா, இறங்கியாச்சா இல்லியா? நாப்பத்திரண்டு நிமிஷம் வர்றதுக்கு உள்ள ஒரு மணி நேரம் என்ன மேக்கப்பு? மாப்பிள்ளை அழைப்புன்னு நினைப்போ? பிள்ளை பசியில கத்திக்கிட்டு இருக்கு. வர்றதுன்னா வா, இல்லாட்டி வழக்கம்போல எல்லாம் முடிஞ்சதும் வா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரிதி குளித்துவிட்டு வருகிறேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். குளித்த பிறகுதான் சவரம், அது எங்கள் வழக்கம்.

கதவு சாத்தியதும் ஜெசிந்தா என் பக்கம் வந்தாள்.

"அண்ணே, இதயம் ரொம்ப மெலிஞ்சு போச்சு. இன்னொரு மடிப்பு கூடவே கூடாதுன்னு டாக்டர் எழுதினார். நான் பார்த்தேன். மேல போய்த் திரும்பி வந்த தாள்ல 'தகுதி'ன்னு போட்டிருக்கு."

"நாளைக்குச் சாயங்காலம் திரும்பிப் போறாரே?"

"போவார். அந்தப் பக்கம் எந்திரிப்பாரான்னு தெரியாது."

அவள் அடுத்த பயணியைப் பார்க்கப் போய்விட்டாள். நான் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். டையைக் கலக்கிவைத்திருந்த கிண்ணம் பக்கத்தில் இருந்தது. இந்த ஆளுக்கு இன்றைக்கு நான் டை அடித்தால் நாளைக்கு அது பிணத்துக்கு அடித்த டை. கிண்ணத்தைத் தூக்கித் தொட்டியில் கொட்டினேன்.

அப்போதுதான் பின்கதவை யாரோ தட்டுகிற சத்தம். நாங்கள் டீ குடிக்கப் போகிற கதவு அது. தட்டுவது என்றா சொன்னேன், இடித்தார்கள்.

"யோவ், திற! உள்ளதான இருக்கான் என் தம்பி?"

கேட்ட குரல்தான். வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது. திறந்தால் என் வேலை போகும். திறந்தேன்.

பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, முகத்தில் எள்ளும் கொள்ளும். இலக்கியா என்று பெயர், பரிதி சொல்லியிருக்கிறார். என்னை ஒரு தூசியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நீதான் அந்த மேக்கப்பு ஆளா? ஒருத்தனைச் சிங்காரிக்க எவ்வளவு நேரம்யா?"

"'நீ', 'யோவ்' எல்லாம் உங்க வீட்டோட வச்சுக்குங்க" என்றேன். "உங்க தம்பி குளிக்கிறார். வரதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள இங்க வந்து இதைப் பாருங்க."

திரையை அவர் பக்கம் திருப்பினேன். இடது படத்தில் பரிதி மழமழவென்று, கறுத்த முடியோடு. மணி ஏழு. வலது படத்தில் தாடியும் நரையும் குழிந்த கண்ணும். மணி ஏழு நாற்பத்திரண்டு.

"யாரு இது?" என்றார்.

"ரெண்டும் உங்க தம்பிதான்."

"பொய். இது எங்கப்பா மாதிரி இருக்கு."

நான் சொன்னேன். ரெஜினால்ட் எனக்குச் சொன்னதை, ஜெசிந்தா சொன்னதை, ஏழரை வருஷக் கணக்கை, எல்லாவற்றையும். கோபத்தில் சொன்னேன், கொஞ்சமும் இதமாகச் சொல்லவில்லை. "உங்க நாத்தனார் நிச்சயதார்த்தத்துக்கு அவர் வந்தாரே, மோர்க்குழம்பு நல்லா இல்லைன்னு பேசிக்கிட்டீங்களாமே, அந்த மோர்க்குழம்பைச் சாப்பிட அவர் குடுத்தது நூத்துப் பதினாறு நாள்" என்றேன். தட்டில் வெட்டிப்போட்டிருந்த நகங்களைக் காட்டினேன்.

அந்த அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. ஒரு நகத்தை எடுத்து விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்க ஆரம்பித்தார். வக்கீல் குறுக்கு விசாரணை செய்வதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார்.

"திரும்பிப் போறதுக்கும் அம்பத்தெட்டு நாளா?"

"ஆமா."

"அவன் கையில ஒரு பட்டை கட்டியிருப்பானே, அது எதுக்கு?"

"அந்த உடம்போட கணக்கு எல்லாம் அதுலதான் இருக்கு. அது இருந்தாத்தான் பெட்டியில படுக்கவைப்பாங்க. அறுத்துட்டா அதோட சரி, ஆயுள் தடை."

"செவ்வாய்க்கிழமை காலையில ஷிஃப்ட்டுங்கிறான். பழைய ஃப்ளைட்ல போனா போய்ச் சேர முடியுமா?"

"சென்னையிலேருந்து இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஒண்ணு இருக்கு. அதைப் பிடிச்சாப் போயிரலாம். விட்டா நாளைக்குத்தான், வேலைக்கு ஆபத்து."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு ஐம்பது. சென்னைக்குக் காரில் ஐந்தரை மணி நேரம். பத்தரைக்குக் காதுகுத்து. அவர் உதடு அசைந்தது, கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. என்ன கணக்கு என்று எனக்குத் தெரியவில்லை.

குளியலறைக் கதவு திறந்தது. பரிதி வேட்டியோடு, ஈரத் தாடியோடு வந்தார். அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கை தானாகத் தாடியை மறைத்தது.

"என்னடா கோலம் இது?" என்று ஆரம்பித்தார் இலக்கியா. இரண்டு நிமிடத்துக்கு முன் என்னிடம் பேசிய குரலே இல்லை இது. "பச்சைப் பிள்ளைக்குக் காது குத்துறேன், மங்கலக் காரியத்துக்குத் தாடியோட வந்து நிக்கிறியே, எவன் செத்துட்டான்னு வந்திருக்க?"

"அக்கா, அஞ்சு நிமிஷம். தினாண்ணே மழிச்சு விட்டுருவார்."

"ஷேவ் பண்ணிட்டு வரக்கூட நேரமில்லாத தொரை! நீ எல்லாம் தாய்மாமன். உன் மடியில என் பிள்ளையை உட்காரவச்சா அது விளங்குமா?"

"ஏன்க்கா இப்படிப் பேசுற?"

"இங்க வா. கையை நீட்டு."

அவர் பழக்கதோஷத்தில் நீட்டிவிட்டார். சின்ன வயதில் இருந்து அப்படித்தான் போல. இலக்கியா என் மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். ஒரே வெட்டு. பட்டை இரண்டாகித் தரையில் விழுந்தது. அதிலிருந்த சின்னப் பச்சை விளக்கு ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்தது.

பரிதி குனிந்து அதை எடுத்தார். இரண்டு துண்டையும் ஒட்டவைக்கப் பார்த்தார்.

"பைத்தியமாடி நீ?" அவர் அக்காவை 'டி' போட்டுப் பேசி நான் கேட்டது அன்றுதான். "இது போச்சுன்னா இனிமே நான் வரவே முடியாதுடி!"

"வராத. யாரு கூப்பிட்டா? அம்பது தடவை வந்தியே, என்னத்தைக் கிழிச்ச? காலையில வந்து மறுநாள் ஓடுறவன். விருந்தாளிகூட ரெண்டு வேளை கூடுதலாச் சாப்பிடுவான்."

"நான் எப்படி வர்றேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரிய வேண்டாம். அப்பாவுக்கே வராதவன் நீ."

அது போய் எங்கே பட்டது என்று அவர் முகத்தில் பார்த்தேன். தாடிக்குள் வாய் கோணியது.

"கொள்ளியைத் தூக்கி எவன்கிட்டயோ குடுத்தவ நீ. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நிறுத்துங்கன்னு சொல்ல உனக்கு வாய் வரல."

"ஆமா, வரல. அம்மாவுக்கும் எவனாவது வைப்பான், நீ கவலைப்படாத. காரு வெளிய நிக்குது. நேராச் சென்னைக்குப் போ. நாலு மணிக்கு ஃப்ளைட் இருக்காம். மூணு ஃப்ளைட் மாறி, முப்பத்தெட்டு மணி நேரம் நாயா அலைஞ்சு போய்ச் சேரு. அப்பத்தான் உனக்குப் புத்தி வரும். என் வாசப்படி மிதிச்ச, நடக்கிறதே வேற."

"பிள்ளையை ஒரு தடவை பாத்துட்டு..."

"பாக்க வேண்டாம். போ."

அவர் சட்டையை மாட்டினார். பொத்தானைத் தப்பாகப் போட்டார், சரி செய்யவில்லை. போகும்போது என் பக்கம் திரும்பி, "பாத்தீங்கல்ல தினாண்ணே அவ மனசை? இதுக்காகத்தான் நான் வந்துக்கிட்டு இருந்தேன்" என்றார். வீங்கிய காலைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டு, நாற்காலியைத் தள்ள வந்த ஜெசிந்தாவையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தாடியோடு வெளியே போனார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

இலக்கியா கத்தரிக்கோலை இன்னும் கையில் பிடித்திருந்தார். நான் மெல்ல வாங்கி மேசையில் வைத்தேன்.

"ஏம்மா, உள்ளதைச் சொல்லியே அனுப்பியிருக்கலாமே" என்றேன். என் குரலில் இருந்த காரம் எங்கே போனதோ தெரியவில்லை.

"சொன்னா என்ன பண்ணுவான்? பரவாயில்லக்காம்பான். இந்தப் பட்டை போனா வேற ஊர்ல, வேற பேர்ல இன்னொண்ணு கட்டிக்குவான். அம்மாவுக்குக் காய்ச்சல்னா மறுபடியும் போய்ப் படுத்துக்குவான். அவனை எனக்குத் தெரியும். என்மேல பாசம் இருக்கிற வரைக்கும் அவன் வந்துக்கிட்டேதான் இருப்பான்." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு நான் நிறுத்தியிருக்கணும். அப்பா செத்த கோவம், அவன் வரலியேங்கிற கோவம். வேணும்னேதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதுக்குத்தான் ஏழரை வருஷம் கட்டியிருக்கான்."

வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். முகம் பழையபடி ஆகிவிட்டிருந்தது.

"இதுல ஒரு வார்த்தை அவன் காதுக்குப் போச்சு, உங்க நாக்கை அறுத்துருவேன்" என்றார். அந்தக் கோபத்திலும் என்னை 'உங்க' என்று மரியாதையாகச் சொன்னதை மட்டும் நான் கவனித்துக்கொண்டேன்.

அன்று மதியமே ரெஜினால்ட் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வெளியாளை உள்ளே விட்டது, நிறுவனத்தின் பட்டை என் கத்தரிக்கோலால் அறுபட்டது, இரண்டு குற்றம். போகட்டும். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கண் கெட்டுப்போயிருந்தது. லால்குடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சலூன் போட்டேன். விமான நிலையத்தில் நடப்பதை வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். பாதிப்பேர் நம்பவில்லை. நம்பிய பாதிப்பேரும் அடுத்த முகூர்த்தத்துக்குத் தம்பி வரவில்லையே என்றுதான் திட்டினார்கள். இலக்கியா வீட்டுக் கதையை மட்டும் நான் வாயே திறக்கவில்லை. நாக்கு எனக்கு வேண்டும்.

ஊர் இலக்கியாவைச் சும்மா விடவில்லை. ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் மடியில் வைத்துக் காது குத்தினாராம். "கூடப்பிறந்தவனை வாசப்படி மிதிக்க விடாமத் துரத்தினவ" என்று என் கடை நாற்காலியிலேயே உட்கார்ந்து பேசினார்கள். அம்மாவும் மகளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்று கேள்வி. பரிதி அம்மாவுக்கு மட்டும் வாரா வாரம் போன் செய்வாராம். பழைய வேலையை விட்டுவிட்டு, விடுப்பு கொடுக்கிற ஒரு சின்ன இடத்துக்கு மாறிவிட்டார், நடமாட்டம் நன்றாக இருக்கிறது என்று அந்த வழியாகத்தான் காதில் விழுந்தது. அக்கா பெயரை எடுத்தால் போனை வைத்துவிடுவாராம்.

மூன்று வருஷம் போனது. பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பரிதியின் அம்மா போய்விட்டார். சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் போவதில்லை என்பது என் தீர்மானம். என் அப்பா காலத்தில் கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். எனக்கு அந்த விதி இல்லை. யார் வந்து கேட்டாலும் கடைக்கு வரச் சொல்லிவிடுவேன். ஆனால் இலக்கியா ஆள் அனுப்பி, "அண்ணே நாளைக்கு வரணும், என் தம்பிக்கு மொட்டை போடணும்" என்று சொல்லிவிட்டிருந்தார். என்னை அண்ணே என்று இலக்கியா சொன்னது அதுதான் முதல் தடவை. போனேன்.

நான் போனபோது புதன்கிழமை மதியம். வெயில் கொளுத்தியது. ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் ஒன்று, அது நின்றால் இருக்கட்டும் என்று இன்னொன்று. சித்தப்பா பெரியப்பா எல்லாம் பந்தலில் நெளிந்துகொண்டிருந்தார்கள்.

"வெயில் காலம்மா. தாங்காது. எடுத்துரலாம்" என்றார் ஒருவர்.

இலக்கியா பெட்டிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என் தம்பி வர்றதுக்கு முப்பத்தெட்டு மணி நேரம் ஆகும். அவன் வராம இதை ஒருத்தரும் தொடக்கூடாது. அவசரம் இருக்கிறவங்க கிளம்பலாம், மாலையை வச்சுட்டுப் போங்க."

"நீதானம்மா அவனை வராதன்னு..."

"சித்தப்பா, கிளம்புறதுன்னா கிளம்புங்க."

அவர் துண்டை உதறிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் காலை மறுபடியும் வந்தேன். பெட்டி அப்படியே இருந்தது. இலக்கியாவும் அப்படியே நின்றிருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, கல்லு மனசு என்று பெண்கள் முணுமுணுத்தார்கள்.

ஒன்பது மணிக்கு வாடகைக் காரில் பரிதி வந்து இறங்கினார். நடந்து வந்தார். கால் வீக்கம் இல்லை. தலை முழுக்க நரை, டை இல்லை. அக்காவைத் தாண்டித்தான் அம்மாவிடம் போக வேண்டும், தாண்டினார், முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியின் கண்ணாடிமேல் நெற்றியை வைத்து ரொம்ப நேரம் அழுதார்.

பிறகு கிணற்றடிக்கு வந்து என் முன்னால் பலகையில் உட்கார்ந்தார். "தினாண்ணே, நீங்களா?" என்றார். தலையை நனைத்தேன். மெல்லக் கேட்டார்.

"வழியெல்லாம் இதேதான் நினைப்பு. எடுத்திருப்பாங்க, அப்பாவுக்கு ஆன மாதிரிதான் ஆகும்னு. எப்படிண்ணே நிறுத்தி வச்சிருக்காங்க? யாரு சொன்னா?"

மழிப்பதற்கு முன்னால் வழக்கம்போலக் கட்டைவிரலால் அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தேன்.

பின்கட்டு வாசலில் இலக்கியா வந்து நின்றார். தம்பியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"எத்தனை நாள்ண்ணே?" என்றார்.

"ரெண்டு நாள்மா" என்றேன். "ரெண்டு நாள் முள்ளுதான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். திரும்பி உள்ளே போனார். அம்மா என்று ஒரு சத்தம் கேட்டது. மூன்று நாளாக அழாதவர், வீடு அதிர அழுதார்.

பரிதி ஈரத் தலையோடு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை மெல்ல எழுந்து, இரண்டு நாள் தாடியைத் தொட்டுப் பார்த்தது. பிறகு, மூன்று வருஷத்துக்கு முன் பட்டை இருந்த மணிக்கட்டைத் தடவியது.

"தினாண்ணே" என்றார். "அவ உங்ககிட்ட என்ன கேட்டா?"

"தலையைக் குனிங்க தம்பி" என்றேன்.